ஏழாவது சொல்

படிவத்தின் மற்ற கட்டங்களையெல்லாம் சங்கரவடிவு காலையிலேயே நிரப்பிவிட்டாள். அமைப்பின் பெயர், நல்லேரி மக்கள் உரிமை மன்றம். வரிவிலக்குப் பதிவைப் புதுப்பிக்க விண்ணப்பித்து இருபத்தேழு மாதம். விளக்கம் கேட்டது மூன்று முறை, பதில் வந்தது மூன்று முறை. நான்காவது கட்டம் மட்டும் காலியாகக் கிடந்தது. ‘கூடுதல் விசாரணைக்கு இந்த அமைப்பு தேர்வு செய்யப்பட்டதன் அடிப்படை.’ மணி ஒன்று பத்து. மூன்று மணிக்கு மன்றத்தின் தலைவியை நேரில் வரச்சொல்லியிருந்தது, அதற்குள் இந்தப் படிவம் உதவி ஆணையர் கிருபாகரன் மேசைக்குப் போய் அங்கிருந்து மேலிடத்துக்குப் போயாக வேண்டும். யாரோ ஒரு பத்திரிகைக்காரர் மேலிடத்தில் கேட்டுவிட்டாராம், இந்த மாதிரி அமைப்புகளை மட்டும் ஏன் இழுத்தடிக்கிறீர்கள் என்று. காலையில் கிருபாகரன் கூப்பிட்டுச் சொன்னார். அவளைவிடப் பதினாறு வயது சின்னவர், சத்தமாகப் பேசத் தெரியாதவர். “பொது விதிமுறைகளின்படின்னு எழுதிருங்க மேடம். ரெண்டே வார்த்தை. அந்தம்மாவுக்கு இன்னிக்கே ஆர்டரும் குடுத்துருவோம். சந்தோஷமாப் போகட்டும்.” சரி சார் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். சரி என்று சொன்ன வாய் இப்போது புளிச்சோற்றை மென்றுகொண்டிருந்தது. அப்பளம் நமத்துப்போயிருந்தது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் பிளாஸ்டிக் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. ரெண்டே வார்த்தை. எழுதிவிடலாம், கை எழுதிவிடும், முப்பது வருஷமாக இந்தக் கை எழுதாத வார்த்தையா. பொது. எது பொது? இந்த விண்ணப்பத்தோடு அந்த வாரத்தில் வந்து குவிந்த நானூற்றுச் சொச்சம் விண்ணப்பங்களையும் ஒரே மாதிரி பார்த்திருந்தால் பொது என்று எழுதலாம். அவள் பார்க்கவில்லை. அதற்கு மேல் சோறு இறங்கவில்லை, டப்பாவை மூடிக்கொண்டு கழுவுவதற்கு எழுந்தாள்.

நடைவழியில், சுவரோரம் போட்டிருந்த நீளப் பெஞ்சில் ஒரு வயதான அம்மாள் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைச் சேலை, காலில் கான்வாஸ் ஷூ, மடியில் துணிப்பை. பையிலிருந்து இரண்டு தண்ணீர்ப் பாட்டில்களின் கழுத்து எட்டிப்பார்த்தது, உள்ளே இருந்தது குடிக்கிற தண்ணீர் இல்லை, துருப்பிடித்த நிறம். கோப்பில் ஒட்டியிருந்த புகைப்படத்தை இருபத்தேழு மாதமாகப் பார்த்த கண்ணுக்கு யாரென்று உடனே தெரிந்துவிட்டது. பாவாத்தாள். ஓய்வு பெற்ற அரசாங்க நர்சு, வயது அறுபத்தேழு. மூன்று மணிக்கு வரச்சொன்னால் ஒன்றரைக்கே வந்துவிட்டாள். லிப்ட் ஓடவில்லை, நாலு மாடியும் ஏறித்தான் வந்திருக்க வேண்டும். தாண்டிப் போய்விடலாம் என்று கால் வேகமெடுத்தபோது அந்தம்மாவே கூப்பிட்டாள். “ஏனுங்க அம்மிணி, இங்க சங்கரவடிவுங்கறவிய எங்கீங்க இருப்பாங்க?” நான்தான் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். “உள்ளதான் இருக்காங்க, மூணு மணிக்குக் கூப்பிடுவாங்க” என்றாள் சங்கரவடிவு. சொல்லிவிட்டுக் கையிலிருந்த எச்சில் டப்பாவைப் பார்த்தாள். “இருக்கட்டுமுங்க. முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு, அதான் நேரத்தோட கெளம்பி நின்னு நின்னு ஏறி வந்தனுங்க. ஏறறது கூட ஆயிருதுங்க, எறங்கறதுதான் செரமம்.” பேச ஆள் கிடைத்த நிம்மதியில் அந்தம்மா பேசிக்கொண்டே போனாள். சாயப்பட்டறைத் தண்ணி ஏரியில் கலப்பதை, சனிக்கிழமை சனிக்கிழமை நடந்த மருத்துவ முகாம் நன்கொடை நின்றுபோனதால் நின்றுபோனதை. “கேட்ட பேப்பரெல்லாம் மூணு தடவ குடுத்தாச்சுங்க. கூட்டத்துல யாரு பேசுனா, எந்தக் கட்சின்னு கேட்டாங்க, எழுதிக் குடுத்தோம். எங்கூட்டுக்காரரு எந்தக் கட்சின்னு கேட்டாங்க. அவரு செத்துப் பதினாறு வருசம் ஆச்சுங்கன்னு எழுதிக் குடுத்தேன்.” குரலில் கோபமில்லை, முகாமுக்கு வந்தவரிடம் நோயை விசாரிக்கிற குரல். “பாக்கறது தப்பில்லீங்க. நான் வேலை பாத்த ஆசுபத்திரில கைய சோப்புப் போட்டுக் கழுவுனியான்னு மாசத்துக்கு ஒருத்தரு வந்து சோதிப்பாங்க. எல்லாத்தையும் சோதிப்பாங்க, டாக்டரு கையவும் பாப்பாங்க. அதனால ரோசம் வந்ததில்ல. எங்கள மட்டும் ஏனுங்க?” “வரிசைப்படிதாம்மா வரும்” என்றாள் சங்கரவடிவு. “அப்படீங்களா” என்றாள் பாவாத்தாள், நம்பினாளா இல்லையா என்று முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

வரிசைப்படி. கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள், தண்ணீர் டப்பாவில் நிறைந்து வழிந்து புளியின் மஞ்சள் கரைந்து ஓடியது, வரிசைப்படி, வரிசைப்படி என்று ஓடியது. எந்த வரிசை? வந்த தேதி வரிசையா, அகர வரிசையா? வீட்டுக்காரர் எந்தக் கட்சி என்ற கேள்வியை எழுதியது யார், இதே கைதான். அந்தக் கேள்வித்தாளில் முப்பத்தொரு கேள்வி. இருபதாவது கேள்விக்கு மேல் கை தானாக ஓடியிருக்கிறது, இன்னும் என்ன கேட்கலாம், இன்னும் என்ன கேட்கலாம் என்று. ஆளைத் தெரியாதபோது கேட்பது எவ்வளவு சுலபமாக இருந்தது. பாளையங்கோட்டையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது ஒரு பெண்ணின் கைக்கடிகாரம் காணாமல் போயிற்று, நூற்றிருபது பெட்டி இருந்த விடுதியில் வார்டன் பதினெட்டுப் பெட்டியைத்தான் திறக்கச் சொன்னாள். அரசாங்க உதவித்தொகையில் படித்தவர்களின் பெட்டிகள். நகப்பூச்சு பூசிய விரல் பாவாடைகளுக்கு நடுவே போனது, அம்மா கொடுத்துவிட்ட கருப்பட்டிப் பொட்டலத்தை எடுத்து மூக்குக்குப் பக்கத்தில் வைத்து முகர்ந்து பார்த்தது. கருப்பட்டிக்குள் கடிகாரம் இருக்குமா? கடிகாரம் மறுநாள் குளியலறைக் குழாய்க்குப் பின்னால் கிடைத்தது. ஒருவரும் வந்து ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது, உங்கள் பெட்டியில்தான் ஒன்றும் இல்லையே, அப்புறமென்ன என்பார்கள். அந்தக் கருப்பட்டியை அவள் தின்னவில்லை. எறும்பு வந்து மொய்த்த பிறகு தூக்கிப் போட்டாள். சீ, இது எதற்கு இப்போது. அந்த வார்டனுக்காவது ஒரு கடிகாரம் காணாமல் போயிருந்தது. இங்கே என்ன காணாமல் போயிற்று?

விண்ணப்பங்கள் குவிந்த அந்த மார்ச் மாதம் காணாமல் போனது நேரம்தான். அப்படித்தான் அவள் இத்தனை நாள் தன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று பேர் பிரிவு, நானூறு கோப்பு, கிருபாகரனுக்கு முந்தி இருந்த அதிகாரி வேறு ஊருக்கு மாற்றலாகிற அவசரத்தில் இருந்தார். “எல்லாத்தையும் பாக்க முடியாது, கொஞ்சம் வடிகட்டுங்க மேடம்” என்றார், எதை வைத்து வடிகட்ட என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. தர்ம ஸ்தாபனம் என்று வரிவிலக்கு வாங்கிக்கொண்டு கட்சிக்கு வேலை செய்யக்கூடாது, சட்டம் அப்படித்தான் சொல்கிறது, அதைக் கண்காணிப்பது அவள் வேலை, அதில் சந்தேகமில்லை. யார் அப்படிச் செய்யக்கூடியவர்கள்? மீட்டிங் போடுகிறவர்கள், நோட்டீஸ் அடிக்கிறவர்கள். அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரிலேயே தெரியுமே. பழைய தபால் உறை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினாள், மக்கள், உரிமை, நீதி, விடுதலை, போராட்டம், விழிப்புணர்வு. ஆறு சொல். கம்ப்யூட்டரில் அவற்றைக் கொடுத்ததும் பெயர்கள் தனியே வந்து விழுந்தன, என்ன சௌகரியமாக இருந்தது, அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி. மிச்சமெல்லாம் ஒரே வாரத்தில் கையெழுத்தாகிப் போயின. அதில் ஒரு கல்வி அறக்கட்டளை, தாமரையோ மல்லிகையோ ஒரு பூவின் பெயர், அதன் ஆண்டுவிழாப் படம் கோப்பிலேயே இருந்தது. தேர்தலுக்குப் பத்து நாள் முந்தி நடந்த விழா, மேடையில் வேட்பாளர் கைகூப்பி நிற்கிறார், பின்னால் பேனரில் சின்னம்கூடத் தெரிகிறது. விண்ணப்பித்த பத்தொன்பதாம் நாளே புதுப்பித்துக் கொடுத்தாயிற்று. அந்தப் படத்தை அவள் போன மாதம்தான், வேறு எதையோ தேடும்போது பார்த்தாள். பார்த்ததும் கோப்பை மூடினாள். பெயரில் குற்றமில்லை, அதனால் யாரும் உள்ளே பார்க்கவில்லை. நல்லேரியில் என்ன நடந்தது? உள்ளாட்சித் தேர்தலின்போது நாலு கட்சி வேட்பாளரையும் ஒரே மேடையில் ஏற்றி, ஏரிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள், அவ்வளவுதான். அதற்கு முப்பத்தொரு கேள்வி.

இப்படியே யோசித்துக்கொண்டு இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள், பெஞ்சைத் தாண்டும்போது அந்தம்மா கண்ணை மூடியிருந்தாள், நல்லவேளை. பேனாவைத் திறந்தாள். ஆறு சொல்லையும் எழுதிவிட்டால் என்ன ஆகும்? விளக்கம் கேட்பார்கள். வேலைப்பளு, ஆள் பற்றாக்குறை, வாய்மொழி உத்தரவு என்று பதில் எழுதலாம், எல்லாம் நிஜம். ஓய்வுக்கு நாலு வருஷம் இருக்கிறது. எங்காவது மாற்றுவார்கள். வீட்டில் அவர், கணக்கு வாத்தியார், செய்தித்தாளை மடக்காமலே கேட்பார், ‘ஒன்ன யாருட்டி இத எழுதச் சொன்னா?’ யாரும் சொல்லவில்லை. ஆறு சொல் என்று எழுத ஆரம்பித்தாள், ஆறு என்ற எண்ணைப் போட்டாள், பேனா நின்றுவிட்டது. ஆறு இல்லை. ஏழு. அவள் மனசு ஒவ்வொரு முறையும் இந்த இடத்துக்கு வந்து, ஈரத் தரையில் கால் வைக்கத் தயங்குகிறவள் மாதிரி சுற்றிக்கொண்டு போய்விடும். ஆறு சொல்லை எழுதிய அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் உலை வைத்தபோது அக்கா போன் செய்தாள். அக்காவும் இதே ஊரில்தான் இருந்தாள் அப்போது. அக்கா மகன் செந்தட்டி, கூட வேலை பார்த்த வேறு சாதிப் பெண் மேகலாவைக் கல்யாணம் செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர்கள் கல்யாணப் படத்தைப் போட்டு, கீழே அக்கா வீட்டு நம்பரைப் போட்டு, யாரோ தெருத்தெருவாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ‘போன் அடிச்சுக்கிட்டே இருக்கு வடிவு, எடுத்தா வாயில சொல்ல முடியாததச் சொல்லுதான், நான் என்ன செய்யட்டும்.’ நோட்டீஸின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு பெயர் இருந்தது, மண்ணின் மைந்தர் எழுச்சிப் பேரவை. அந்தப் பெயரை அவள் அன்றைக்குக் காலையில்தான் பட்டியலில் பார்த்திருந்தாள். ஆறு சொல்லில் எதுவும் அதில் இல்லை, அது நல்ல குவியலில் இருந்தது. மறுநாள் அலுவலகம் திறந்ததும் வந்து, தபால் உறையில் ஏழாவதாக எழுதினாள். எழுச்சி.

அதற்கும் வேலைப்பளுவுக்கும் சம்பந்தமில்லை. அக்காவைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாம், நோட்டீஸை மேசைமேல் வைத்து, எழுதுங்கள் புகார் என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை. பயமாக இருந்தது, அரசாங்க உத்தியோகம், ஊர் வாய், அவர்கள் நாளைக்கு நம் வீட்டுச் சுவரிலும் ஒட்டினால். அதற்குப் பதிலாக இங்கே, யாருக்கும் தெரியாமல், ஒரு சொல். அந்தச் சொல்லுக்கு நாலு பெயர் வந்து விழுந்தன. பேரவை ஒன்று. ஒரு பறையாட்டக் குழு. மலையடிவாரத்தில் பெண்களுக்குத் தையல் சொல்லித்தரும் ஒரு சங்கம். பார்வையற்றோர் எழுச்சி இசைக்குழு. அந்த இசைக்குழு போன வருஷம் கலைத்துவிட்டோம் என்று எழுதிப்போட்டார்கள், நன்றியுடன் என்று முடித்திருந்தார்கள். பேரவையின் கோப்பை அவள் எத்தனை முறை புரட்டியிருப்பாள், வரி வரியாக, எங்காவது ஒன்று அகப்படாதா என்று. ரத்ததானப் பட்டியல், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு, கூட்டக் குறிப்புகள். தேர்தல் பற்றி ஒரு வரி இல்லை. நோட்டீஸ் பற்றி இருக்குமா, இருக்காது, அதை அடித்தவர்கள் பேரவையிலேயே நாலு பேரோ என்னவோ. சட்டப்படி அதைத் தடுத்து வைக்க அவளிடம் ஒன்றுமே இல்லை. அது அவளுக்கு எவ்வளவு கசப்பாக இருந்தது. செந்தட்டியும் மேகலாவும் பெங்களூருக்குப் போய்விட்டார்கள், அக்கா நம்பரை மாற்றிக்கொண்டு கூடவே போய்விட்டாள், அங்கே யாரையும் தெரியாமல் பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பேரவைக்கு ஏன் நல்லது செய்ய வேண்டும்? நல்லதா இது? எல்லாருக்கும் செய்வதை அவர்களுக்கும் செய்வது நல்லது செய்வதா? ஆறு என்று எழுதிவிட்டால் ஏழாவது யாருக்கும் தெரியாது. பாவாத்தாள் பிழைத்துப் போவாள். அந்த ஆறு சொல்லில் மாட்டிய மற்ற முப்பத்தெட்டு பேரும் பிழைத்துப் போவார்கள். நாலு பேர் மட்டும் எந்தக் காரணமும் இல்லாமல் அங்கேயே கிடப்பார்கள். யாருக்கு இரங்குவது, யாருக்கு இரங்காமல் விடுவது என்பதையும் நானே வைத்துக்கொள்வதா, சொற்களைப் பொறுக்கின மாதிரி ஆட்களையும் பொறுக்கிக்கொண்டு. ஆறு என்ற எண்ணை அடித்தாள். கட்டம் போதவில்லை, தனித்தாள் எடுத்தாள். பெயரில் இருந்த ஏழு சொற்களை வைத்து நாற்பத்துமூன்று அமைப்புகளை ஒதுக்கியது, பட்டியல் தன் கையால் போட்டது, ஆறு வேலையைக் குறைக்க, ஏழாவது சொந்தக் கோபத்தினால். சொந்தக் கோபம் என்று எழுதியபோது காது சுட்டது. வேறு சொல் இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. கையெழுத்துப் போட்டு, மனசு மாறுவதற்குள் தபால் பிரிவு ரமீஜாவிடம் கொண்டுபோய் நீட்டினாள். ரமீஜா படிக்காமல் முத்திரை குத்தி, பதிவேட்டில் எண் போட்டு, தாளின் மூலையிலும் அதே எண்ணை எழுதிக் கொடுத்தாள்.

கிருபாகரன் இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கடைசிப் பத்தி எதுக்கு மேடம்? ஆறு வார்த்தைன்னா வேலை நெருக்கடின்னு சொல்லிப் புரியவைக்கலாம். இது உங்க தலைமேல வரும்.” “என் தலைமேலதான சார் வரணும்” என்றாள். “திரும்ப வாங்கிக்கங்க. நான் பாக்கலன்னு வச்சுக்கறேன்.” “நம்பர் போட்டாச்சு சார்.” அவர் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தார். அவளிடம் என்றில்லாமல், “நானா இருந்தாலும் ஒரு லிஸ்ட் போட்டிருப்பேன்” என்றார். தாளைக் கோப்பில் சேர்த்துக் கட்டினார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

மூன்று மணிக்குப் பாவாத்தாள் உள்ளே வந்து, நாற்காலியின் கையைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்து, நிமிர்ந்து பார்த்தாள். “நீங்கதானுங்களா அது.” “நான்தாம்மா. வெளிய சொல்லிருக்கணும், சொல்லல. வரிசைப்படின்னு சொன்னதும் பொய்.” பிறகு நடந்ததைச் சொன்னாள். எதிரில் ஆள் இருக்கும்போது எழுதினதைவிடச் சுருக்கமாக வந்தது. பாவாத்தாள் பையிலிருந்த பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள். “பேருல மக்கள்னு இருந்ததுக்குங்களா?” “ஆமா. உரிமைன்னும் இருந்துச்சு.” “அந்தப் பேர வெக்கறதுக்கு ரெண்டு நாளு சண்ட போட்டமுங்க. நல்வாழ்வுச் சங்கம்னு வெய்யுங்கன்னு நாந்தான் சொன்னேன், யாரும் கேக்கல.” சிரித்த மாதிரி இருந்தது, சிரிப்பு முகத்தில் தங்கவில்லை. “எங்களாட்டம் இன்னும் எத்தன பேருங்க?” “உங்களோட நாப்பத்திமூணு.” “அவியளுக்குச் சொல்லியாச்சுங்களா?” “இன்னும் இல்லம்மா.” அந்தம்மா வடிவு நீட்டிய புதுப்பிப்பு உத்தரவை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து முழுக்கப் படித்து, நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். “வேண்டாம்னு சொல்ல மாட்டனுங்க, சனிக்கெழம முகாம் நடக்கோணும். ரெண்டு வருசத்துல சக்கர நோயிக்காரங்க மூணு பேரு மாத்திர இல்லாம காலப் போக்கிக்கிட்டாங்க. அதனால உங்களுக்குக் கும்பிடு போட முடியலீங்க, தப்பா நெனக்காதீங்க.” “நினைக்கல” என்றாள் வடிவு. எழுந்துபோய்ப் படிவரைக்கும் கூட வந்தாள், கையைப் பிடிக்கலாமா என்று நீட்டினாள். பாவாத்தாள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஒரு படிக்கு இரண்டு காலும் வைத்து, அடுத்த படிக்கு இரண்டு காலும் வைத்து இறங்கிப் போனாள். மூன்றாவது மாடி, இரண்டாவது மாடி. சத்தம் நிற்கும்வரை வடிவு மேலேயே நின்றாள்.

மூன்று பேர் கால். முப்பத்தொரு கேள்வி எழுதிய அந்த மத்தியானம் ஜன்னல் ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தது ஞாபகமிருக்கிறது. டீக்கு இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள். இடத்துக்கு வந்து மீதி நாற்பத்திரண்டு பேருக்கும் கடிதம் எழுதக் கோப்புகளை எடுத்து வைத்தாள். கலைந்துபோன இசைக்குழுவுக்கு எந்த முகவரிக்குப் போடுவது என்று தெரியவில்லை, பழைய முகவரிக்கே போட வேண்டியதுதான், யாராவது வாசித்துக் காட்டுவார்கள். வந்த தேதி வரிசையில் போனால் பேரவை முப்பத்தொன்றாவது. அதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிடும், வராவிட்டாலும் முப்பதாவதோடு கை வலிக்கும், தலை வலிக்கும், நாளைக்கு என்று தோன்றும். அவளுக்கு அவளைத் தெரியும். முப்பத்தொன்றாவது கோப்பை உருவி மேலே வைத்தாள். தலைவரின் புகைப்படம் ஒட்டியிருந்தது, மீசையை முறுக்கி விட்டிருந்தான், நோட்டீஸ் ஒட்டியவன் இவனோ இவன் பக்கத்தில் நின்றவனோ. பெங்களூரில் இந்நேரம் அக்கா மத்தியானத் தூக்கம் முடிந்து எழுந்திருப்பாள். இன்றைக்குப் போன் செய்து, அந்த நோட்டீஸ் ஒன்று வைத்திருக்கிறாயா, இப்போதாவது ஸ்டேஷனுக்குப் போவோம், நான் கூட வருகிறேன் என்று சொல்ல வேண்டும். அது வேறு தாளில் எழுத வேண்டியது. இந்தத் தாளில் அதற்கு இடமில்லை. கடிதத் தாளை நேராக வைத்தாள். ‘ஐயா’ என்று எழுதினாள், அதற்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு எழுதினாள், ‘தங்கள் விண்ணப்பம் இதுவரை நிறுத்தி வைக்கப்பட்டதற்குத் தங்கள் அமைப்பின் செயல்பாடு எதுவும் காரணமல்ல.’